பக்கத்து வீட்டில் வேற்றுக்கிரகவாசி!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதுல வைரஸ் வந்துருமாங்க?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "இதுல சீரியல் எல்லாம் பார்க்கலாமுங்களா?" இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இந்த மாதம் இரண்டையும் சேர்த்து ஒரே கட்டுரையாகத் தந்துவிடுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்வது என் தொழில். பகல் முழுக்கப் பில்லிங் சாஃப்ட்வேர், சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல், மக்கர் செய்யும் பிரின்டர் என்று போய்விடும். இரவில் பழைய சயின்ஸ் ஃபிக்ஷன் டி.வி. தொடர்களைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதிலும் குறிப்பாக ஒரு வகை. எதிரி வானத்திலிருந்து பெரிய தட்டில் வந்து இறங்கமாட்டான். ஏற்கெனவே நம் நடுவில் இருப்பான், நம்மைப் போலவே இருப்பான். அவன் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கதை. இந்தத் தொடர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெளிவானது. கம்ப்யூட்டரில் எதைச் சந்தேகிக்க வேண்டும், எதைச் சந்தேகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மேப்பிள் தெருவில் கரண்ட் போனது

முதலில் ஒரு பழைய கதை. அமெரிக்காவில் 'த ட்விலைட் ஸோன்' என்று ஒரு தொடர் வந்தது. ஒவ்வொரு வாரமும் தனிக் கதை. அதில் 1960 மார்ச் 4 அன்று ஒளிபரப்பான கதையின் பெயர் 'த மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்'. தொடரை உருவாக்கிய ராட் செர்லிங்கே எழுதியது.

அமைதியான ஒரு தெரு. மாலை நேரம். தலைக்கு மேல் ஏதோ ஒன்று ஒளியோடு பறந்து போகிறது. உடனே தெரு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. போன் வேலை செய்யவில்லை, கார் கிளம்பவில்லை. அப்போது ஒரு சிறுவன், தான் படித்த கதையை வைத்துச் சொல்கிறான்: வேற்றுக்கிரகவாசிகள் முன்னாலேயே ஒரு குடும்பத்தை இங்கே அனுப்பியிருப்பார்கள், பார்ப்பதற்கு மனிதர்கள் போலவே இருப்பார்கள் என்று.

அவ்வளவுதான். ஒருவருடைய கார் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. 'ஓஹோ, அவன்தானா?' என்று எல்லோரும் அவர் வீட்டு வாசலில் கூடிவிடுகிறார்கள். தூக்கம் வராமல் அவர் நள்ளிரவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும் இப்போது சாட்சியாகிவிடுகிறது. இன்னொருவர் வீட்டில் ரேடியோ செய்துகொண்டிருக்கிறார், அதை யாரும் பார்த்ததில்லை. 'அப்படியானால் அவன் யாரோடு பேசுகிறான்?' இருட்டில் ஓர் உருவம் நடந்து வருகிறது. ஒருவர் துப்பாக்கியால் சுட்டுவிடுகிறார். செத்துக் கிடப்பவர் பக்கத்துத் தெருவில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துவரப் போன அதே தெருக்காரர்!

கடைசியில் குன்றின் மேல் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் நின்று இதை வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்கள் செய்ததெல்லாம் சில மெஷின்களை நிறுத்தி மறுபடி ஓடவிட்டதுதான். மீதி வேலையைத் தெருக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் எதிரி உண்மையாகவே இருக்கிறான். அதைக் கவனியுங்கள். தெருக்காரர்கள் பயந்தது வீண் பயம் அல்ல. ஆனால் தெருவில் இருந்த ஒருவர்கூட எதிரி அல்ல.

சுண்டு விரல் நேராக நிற்கும்

1967-இல் 'த இன்வேடர்ஸ்' என்ற தொடர் வந்தது. டேவிட் வின்சென்ட் என்ற கட்டடக் கலைஞர் ஒரு பறக்கும் தட்டு இறங்குவதைப் பார்த்துவிடுகிறார். வந்தவர்கள் மனித உருவத்தில் ஊருக்குள் கலந்துவிட்டார்கள். சிலருக்கு மட்டும் சுண்டு விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் அடையாளம். ஆனால் எல்லோருக்கும் அந்த அடையாளம் கிடையாது. செத்தால் எரிந்து மறைந்துபோவார்கள், ஆதாரமே மிஞ்சாது. யாரிடம் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். இரண்டு வருடம் ஓடிய தொடர் இது.

1993-இல் தொடங்கிய 'த எக்ஸ் ஃபைல்ஸ்' இதையே அரசாங்கத்துக்குள் கொண்டு போனது. மோல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள். 'யாரையும் நம்பாதே' என்பது அந்தத் தொடரின் தாரக மந்திரம் போலவே ஆகிவிட்டது. ஆனால் தொடர் முழுக்க மோல்டர் ஸ்கல்லியை நம்புகிறார். அந்த நம்பிக்கை இல்லையென்றால் முதல் வருடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

நெட்வொர்க்கில் சேராத கப்பல்

கம்ப்யூட்டர் பத்திரிகை படிக்கும் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய தொடர் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. 1978-இல் ஒரு முறை வந்தது. 2003-இல் குறுந்தொடராகப் புதிதாக எடுத்து, 2004 முதல் 2009 வரை முழுத் தொடராகத் தொடர்ந்தார்கள். நான் சொல்வது புதியதை.

மனிதர்கள் உருவாக்கிய ரோபோக்கள் சைலான்கள். எதிர்த்துப் போரிட்டுப் பிரிந்து போன அவை, நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வருகின்றன. இப்போது அவற்றில் சில அச்சு அசல் மனித உருவில் இருக்கின்றன. ஒரு பெண் சைலான், பால்டர் என்ற விஞ்ஞானியின் காதலியாகப் பழகி, அவர் எழுதும் சாஃப்ட்வேருக்குள் யாருக்கும் தெரியாத வழி ஒன்றை வைத்துவிடுகிறாள். அந்த சாஃப்ட்வேர்தான் போர்க்கப்பல்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. போர் தொடங்கியதும் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஸ்விட்ச் ஆஃப் ஆகின்றன. கப்பற்படையே அழிகிறது.

கலாக்டிகா என்ற கிழட்டுக் கப்பல் தப்புகிறது. அதை அருங்காட்சியகமாக மாற்ற இருந்தார்கள். அதன் தளபதி அடாமா, தன் கப்பலில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று நெட்வொர்க்கில் இணைக்கவே விடமாட்டார். அந்தப் பிடிவாதம்தான் காப்பாற்றியது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். சாஃப்ட்வேரில் எழுதியவரோ வேறொருவரோ வைத்துவிடும் ரகசிய வழியைப் 'பேக்டோர்', அதாவது புழக்கடைக் கதவு என்பார்கள். பயனுள்ள புரோகிராம் போல உள்ளே வந்து கெடுதல் செய்வதற்கு 'ட்ரோஜன்' என்று பெயர். எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காமல் தனியே வைக்கும் கம்ப்யூட்டர்கள் இன்றும் முக்கியமான இடங்களில் உண்டு.

தொடரில் பூமர் என்ற பெண் விமானி வருகிறாள். அவளும் சைலான்தான். ஆனால் அது அவளுக்கே தெரியாது! நம் கம்ப்யூட்டரும் இப்படி ஆகலாம். பார்க்கச் சரியாகத்தான் ஓடும். பின்னால் நமக்குத் தெரியாமலே யாருக்கோ குப்பை மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும்.

இன்னொரு காட்சி. யார் சைலான் என்று கண்டுபிடிக்கப் பால்டர் ஒரு சோதனைக் கருவி செய்கிறார். அது பூமரைச் சரியாகவே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் பால்டர் பயந்துபோய், "நீ மனுஷிதான்" என்று பொய் சொல்லிவிடுகிறார். 'உங்கள் கம்ப்யூட்டரில் 37 வைரஸ்கள்! உடனே இங்கே க்ளிக் செய்யுங்கள்!' என்று இன்டர்நெட்டில் திடீரென்று தோன்றும் ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பால்டர் ஞாபகம்தான் வரும். சோதிப்பவனையும் சோதிக்க வேண்டும்.

நம்மூர் ஜீவா

தமிழில் இப்படி இல்லையா என்று கேட்கிறீர்களா? பேஷாக இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பின்னர் தூர்தர்ஷனில் டி.வி. தொடராகவும் வந்தது. 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதிய கதை. அந்த வருடங்களை நாம் தாண்டியே வந்துவிட்டோம்!

நாட்டை ஜீவா என்பவர் ஆள்கிறார். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவி என்பவன் ஜீனோ என்ற இயந்திர நாயோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். உதவுகிறேன் என்று வருகிறவர்களில் யார் உண்மையில் உதவ வந்தவர், யாருக்கு வேறு கணக்கு இருக்கிறது என்பது கடைசிவரை புதிர். எல்லோரும் பயந்து நடுங்கும் ஜீவாவோ ரத்தமும் சதையுமான ஆளே இல்லை, ஒளியால் உண்டாக்கிய வெறும் பிம்பம். கதையில் நிலா முழுதாக நம்பக்கூடிய ஒரே ஜீவன் அந்த இயந்திர நாய்!

சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குள்ளவர். அதனாலோ என்னவோ, அவர் கதையில் மெஷின் மேல் பயம் இல்லை. திரையில் தெரியும் முகத்தை அப்படியே நம்பிவிடுவதைப் பற்றித்தான் பயம். கம்ப்யூட்டரே போலி முகத்தையும் போலிக் குரலையும் செய்து தரும் இந்த நாளில் ஜீவாவை மறுபடி படித்துப் பாருங்கள்.

திருப்பூரில் ஒரு மேப்பிள் தெரு

இனி நம் ஊர்க் கதை. இது டி.வி. தொடர் இல்லை.

எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல மாநிலத்தவர் வேலை பார்க்கிறார்கள். டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள். 2023 ஜனவரி கடைசியில், வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களைத் துரத்துவதாக ஒரு வீடியோ திருப்பூர் முழுக்கச் சுற்றியது. தனிப்பட்ட சில்லறைத் தகராறு அது. ஆனால் செல்போனில் வந்து சேர்ந்தபோது 'ஊரையே பிடித்துவிட்டார்கள்' என்று ஆகியிருந்தது. எதிரே வருகிறவர் இந்தி பேசினால் ஒதுங்கி நடந்தவர்களை நானே பார்த்தேன்.

மார்ச் மாதம் சக்கரம் அப்படியே திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பீகார் முழுக்கப் பரவின. பீகார் சட்டசபையில் அமளி நடந்தது. அப்போதைய தமிழக டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் தந்தார். பரவிய வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டை. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தது. பரவிய இன்னொரு வீடியோ பாட்னாவில் ஒரு வீட்டில் ஆட்களை நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீசே பிறகு கண்டுபிடித்தது.

அந்த வருடம் மார்ச் 8 ஹோலி. வழக்கம்போலப் பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பியவர்களால் திருப்பூர் ரயில் நிலையம் நிறைந்திருந்தது. அதையும் படம் பிடித்து, 'பாருங்கள், உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்றார்கள். தூக்கம் வராமல் வானத்தைப் பார்த்தவர் கதைதான்!

அந்த வாரம் ஒரு கம்பெனியில் சர்வர் பார்க்கப் போயிருந்தேன். செக்கிங் பிரிவில் இருந்த பீகார் தம்பி ஒருவர் செல்போனை நீட்டினார். "அண்ணா, இது திருப்பூரா? அம்மா போன் பண்ணி அழுறாங்க." அந்த வீடியோவை என் கம்ப்யூட்டரில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஓரமாக நின்ற பைக்கின் நம்பர் பிளேட் தமிழ்நாட்டுப் பதிவே இல்லை. கடைப் பலகையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. இரண்டு நிமிட வேலை. அவர் அந்த நம்பர் பிளேட்டை மட்டும் பெரிதாக்கிப் படமாக அம்மாவுக்கு அனுப்பினார். அவர் ஹோலிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்.

எல்லா ஊரிலும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாடு முழுக்க ஓடியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைக் கூட்டம் சுற்றிக்கொண்டு தாக்கியது. 65 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். அவர் செய்தது, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான். அந்த வருடம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இன்வாய்ஸில் ஒளிந்திருந்தவன்

கடைசியாக ஒரு கம்பெனிக் கதை. பெயர் வேண்டாம். சிறிய ஏற்றுமதி நிறுவனம். வெளிநாட்டு பையரிடமிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை. கேட்டால், "நீங்கள் மெயிலில் சொன்ன புது பேங்க் அக்கவுன்ட்டுக்கு அனுப்பிவிட்டோமே" என்று பதில் வந்தது. இவர்கள் அப்படி ஒரு மெயிலே அனுப்பவில்லை.

முதலாளிக்குச் சந்தேகம் உடனே ஒரு பையன் மேல் போனது. வெளியூர்ப் பையன், டாக்குமென்டேஷன் வேலை, மெயில் பாஸ்வேர்டு தெரிந்தவன். "ஏனுங்க, அவன் வந்து நாலு மாசந்தானுங்க ஆகுது. அவன் வந்தப்புறந்தான் இப்படி நடக்குது" என்றார். பையனை நான்கு நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கூட டீ குடித்தவர்கள் போன் எடுக்கவில்லை.

பையருக்குப் போன அந்த மெயிலைத் திருப்பி அனுப்பச் சொல்லி, அனுப்பியவர் முகவரியைப் பெரிய எழுத்தாக்கிப் பார்த்தேன். கம்பெனிப் பெயரில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில், 'ஆர்', 'என்' என்ற சின்ன எழுத்துகள் இரண்டும் ஒட்டி நின்றன. வேகமாகப் படித்தால் 'எம்' போலவே தெரியும். இதுதான் சுண்டு விரல்!

அடுத்து இவர்களுடைய மெயில் செட்டிங்ஸைத் திறந்தேன். 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் மெயில் எல்லாம் தானாக வெளியே ஒரு முகவரிக்குப் போகும்படி யாரோ செய்து வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு எப்படிப் போனது? கூரியர் கம்பெனி பெயரில் வந்த போலி மெயில் ஒன்று இன்பாக்ஸிலேயே கிடந்தது. லாக்-இன் செய்யச் சொல்லும் மெயில். பையன் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. அதை க்ளிக் செய்து பாஸ்வேர்டைக் கொடுத்தவர் முதலாளியேதான்.

போலீசில் புகார் கொடுத்தும் முழுப் பணமும் திரும்பவில்லை. பையனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் அடுத்த மாதமே அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் போனதற்காக முதலாளி இன்றும் வருத்தப்படுகிறார், பணத்தைவிட அதிகமாகவே.

நீங்கள் செய்ய வேண்டியது

1. மெயிலில் பெயரைப் பார்க்காதீர்கள், முழு முகவரியைப் பாருங்கள். பெயரின் மேல் மவுஸை வைத்தால் அல்லது க்ளிக் செய்தால் முகவரி தெரியும். ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.

2. பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அல்ல, உங்களிடம் பழையதாக இருக்கும் நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள்.

3. ஃபைலின் முழுப் பெயரைப் பார்க்கப் பழகுங்கள். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். 2000 மே மாதம் உலகையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் போல, அதுவும் தெரிந்தவர் முகவரியிலிருந்தே வந்தது. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் காட்டாமல் மறைத்ததால் பலர் அதை வெறும் எழுத்து ஃபைல் என்று நினைத்துத் திறந்தார்கள்.

4. 'வைரஸ் இருக்கிறது' என்று வெப்சைட் சொன்னால் அந்த ஜன்னலை மூடிவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து நீங்களே ஸ்கேன் செய்யுங்கள்.

5. மெயில், பேங்க் இரண்டுக்கும் இரண்டு கட்ட உறுதிப்படுத்தலை ஆன் செய்யுங்கள். மெயில் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பகுதியையும் மாதம் ஒரு முறை பாருங்கள்.

6. பயமுறுத்தும் வீடியோ வந்தால் நிறுத்திப் பாருங்கள். நம்பர் பிளேட், கடைப் பலகை, பேசும் மொழி, போலீஸ் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், அது முன்பு எங்கே வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

7. பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

இந்த ஏழிலும் நீங்கள் சந்தேகிப்பது முகவரியை, ஃபைலை, வீடியோவை. எந்த ஊர், என்ன மொழி, வந்து எத்தனை மாதம் என்ற கேள்விகள் ஒன்றில்கூட வரவில்லை. முகவரியைச் சந்தேகித்துத் தவறாகப் போனால் இரண்டு நிமிடம் வீணாகும். ஆளைச் சந்தேகித்துத் தவறாகப் போனால் என்ன ஆகும் என்று மேலே பார்த்துவிட்டீர்கள்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், மேப்பிள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். அரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரே கதை, கறுப்பு வெள்ளை. வீட்டில் எல்லோரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கார் தானாக ஸ்டார்ட் ஆகும் இடத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப நீங்க யாரைச் சந்தேகப்படுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள்!